கடலுக்கு முந்திக்கொண்ட நெரிசல்

மாலத்தீவு மூழ்குமா என்று உலகம் கேட்கிறது. மாலே தாங்குமா என்பதுதான் அவசரமான கேள்வி.

2014 டிசம்பர் 4. மாலத்தீவின் தலைநகரான மாலேயில், குடிநீர் நிறுவனத்தின் வளாகத்தில் தீப்பிடித்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிள்கள் கருகின. நகரத்துக் குழாய்கள் வறண்டன. கடைகளில் பாட்டில் தண்ணீருக்கு ஜனங்கள் முண்டியடித்தார்கள். தண்ணீர் வழங்கிய இடங்களில் கேன்களோடு நீண்ட வரிசை நின்றது. மறுநாள் இந்திய விமானப்படையின் சரக்கு விமானங்கள், பக்கத்துத் தீவில் இருக்கும் விமான நிலையத்தில் பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து இறக்கின. கப்பலுக்குள்ளேயே கடல்நீரைச் சுத்திகரிக்க வசதியுள்ள ஐ.என்.எஸ். சுகன்யா மாலேக்கு விரைந்தது. சீனாவும் இலங்கையும் உதவிக்கு வந்தன.

அன்றைக்குப் புயல் இல்லை, சுனாமி இல்லை. கடல் தன் எல்லைக்குள்தான் இருந்தது. ஒரே ஒரு வளாகத்தில் பற்றிய தீ, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாகத்தில் தள்ளிவிட்டது. ஆயிரத்துக்கும் அதிகமான தீவுகள் உள்ள ஒரு நாட்டில், இத்தனை பேர் ஒரே ஆலையை நம்பி வாழும் நிலை எப்படி வந்தது?

கடந்த சில ஆண்டுகளாக மாலத்தீவு நம் செய்திகளில் அடிபடுவது வேறு காரணத்துக்காக. 2023 தேர்தலில் இந்திய எதிர்ப்பு முழக்கத்தோடு முகமது முய்சு அதிபரானார். 2024 ஜனவரியில் அந்நாட்டுத் துணை அமைச்சர்கள் பிரதமர் மோடியைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளால் சுற்றுலாப் புறக்கணிப்பு கிளம்பியது. அதே ஆண்டு மே மாதத்துக்குள் இந்திய ராணுவத்தினர் வெளியேறினார்கள். 2025 ஜூலையில் மாலத்தீவின் 60-வது சுதந்திர தின விழாவுக்கு மோடியே விருந்தினராகப் போனார். இந்தச் சண்டையும் சமாதானமும் ஒரு பக்கம். ‘மூழ்கப்போகும் நாடு’ என்ற பரிதாபக் கதை மறு பக்கம். அங்கே வாழும் மக்கள் எந்த மண்ணில், எப்படி வாழ்கிறார்கள் என்பது இரண்டிலும் காணாமல்போகிறது. கடல் மட்டம் உயர்வது உண்மையான ஆபத்துதான். ஆனால், சிதறிக் கிடக்கும் ஒரு நிலப்பரப்பின் மக்களை ஒரே இடத்தில் குவித்து, அதற்காகப் பவளப்பாறைகளை மண் போட்டு மூடும் வளர்ச்சி முறை, கடல் வருவதற்கு முன்பாகவே அந்த நாட்டைப் பலவீனமாக்கிக்கொண்டிருக்கிறது.

பெட்டிச் செய்தி: மாலத்தீவு ஒரு பார்வை

• தீவுகள்: சுமார் 1,190. மக்கள் வாழ்பவை 190-க்கும் குறைவு.
• நிலப்பரப்பு: சுமார் 300 சதுர கிலோமீட்டர். வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு 800 கிலோமீட்டருக்கும் அதிகத் தூரம். பூமத்திய ரேகையைத் தாண்டிப் போகிறது.
• உயரம்: நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 1 மீட்டருக்கும் கீழ்.
• மக்கள்தொகை: 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 5.15 லட்சம். நான்கில் ஒருவர் வெளிநாட்டுத் தொழிலாளர்.
• மொழி: திவேஹி. சிங்களத்தோடு உறவுள்ள மொழி. வலமிருந்து இடமாக எழுதப்படும் தானா எழுத்து.
• மதம்: 1153 முதல் இஸ்லாம். 2008 அரசியல் சட்டப்படி முஸ்லிம் அல்லாதவர் குடியுரிமை பெற முடியாது.
• சுதந்திரம்: 1965 ஜூலை 26. குடியரசானது 1968-ல்.

மீன் செய்த மண்

மாலத்தீவில் மலை இல்லை, ஆறு இல்லை, பாறை நிலமும் இல்லை. காலடியில் இருப்பது பெரும்பாலும் பவளத்தின் தூள். கடலடி மலைத்தொடர் ஒன்றின் மேல் பவளப்பாறைகள் வளையம் வளையமாக வளர்ந்து, அந்த வளையங்களின் மேல் அலை ஒதுக்கிய மணல் மேடுகளே தீவுகள். இந்த மணல் எங்கிருந்து வருகிறது என்பதை வக்கரு என்ற தீவைச் சுற்றி ஆராய்ந்தவர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அங்கே புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன்களின் உபயம். கிளியின் அலகைப் போன்ற வாயால் பாறையைச் சுரண்டித் தின்னும் இந்த மீன், பாசியைச் செரித்துக்கொண்டு சுண்ணாம்பைத் தூளாக வெளியேற்றுகிறது. சுற்றுலாப் பயணி செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் வெள்ளை மணலில் பெரும்பங்கு மீனின் கழிவு. பாறை உயிரோடு இருந்து, மீனும் இருந்தால், மணல் வந்துகொண்டே இருக்கும்.

இந்த மணல் ஓரிடத்தில் கிடப்பதும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நகர்கிறது. வடகிழக்குக் காற்றில் திரும்பி வருகிறது. அதனால்தான், பசிபிக் பெருங்கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் பவளத்தீவுகளின் பழைய வான்படங்களைப் புதிய படங்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். கடல் மட்டம் உயர்ந்துவந்த இந்தப் பல பத்தாண்டுகளில், பெரும்பாலான தீவுகள் பரப்பில் குறையவில்லை. சில வளர்ந்தும் இருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு ‘பருவநிலை மாற்றம் கட்டுக்கதை’ என்று கிளம்புகிறவர்கள் பாதிப் பாடத்தை மட்டும் படிக்கிறார்கள். 2018-ல் வெளியான இன்னொரு ஆய்வு, உமிழ்வு இப்படியே போனால் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள்ளாகவே அலைகள் அடிக்கடி கரையேறி, நிலத்தடி நன்னீரை உப்பாக்கி, பல பவளத்தீவுகளைக் குடியிருக்கத் தகாதவையாக்கும் என்று எச்சரித்தது. இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. தீவு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆற்றல் உள்ளது. ஆனால் அந்த ஆற்றல் உயிருள்ள பாறையையும், மணல் நகரத் தடையில்லாத கரையையும் பொறுத்தது. கடல் வெப்பத்தால் 1998-லும் 2016-லும் பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்ததை மாலேயால் தடுத்திருக்க முடியாது. மிச்சமிருக்கும் பாறையின் மேல் மண் கொட்டுவதா வேண்டாமா என்பதை மாலேதான் முடிவு செய்கிறது.

எல்லோரும் ஏன் மாலேக்கு வந்தார்கள்?

சிதறி வாழ்வது இம்மக்களுக்குப் புதிதல்ல. நூற்றாண்டுகளாகத் தூண்டில் கோலால் ஒவ்வொன்றாகச் சூரை பிடித்து, தென்னை நார் முறுக்கி, சோழி பொறுக்கி, வங்காளம் வரை வியாபாரம் செய்தவர்கள். 1960-களில் நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். அதில் பத்தில் ஒருவர் அளவுக்கே மாலேயில் இருந்தார்கள். இன்று மாலே நகர எல்லைக்குள், அதாவது மாலே, ஹுல்ஹுமாலே, வில்லிமாலே ஆகியவற்றில், ஐந்தில் இரண்டு பேர் வாழ்கிறார்கள். மாலே தீவின் பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர். அதிலும் பெருமளவு காயலைத் தூர்த்துச் சேர்த்த நிலம்.

இந்த இழுப்பு தானாக நடந்தது என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் கன் தீவில் இருந்த காலத்தில், அட்டு உள்ளிட்ட தென்பகுதித் தீவு வளையங்கள் மாலேயின் வரிக்கும் கட்டுப்பாட்டுக்கும் எதிராக 1959-ல் சுவாதிவு என்று தனிக் குடியரசை அறிவித்தன. 1962-ல் இப்ராஹிம் நாசிர் தலைமையில் வந்த படை, திநாதூ தீவில் இருந்த குடிகளை வெளியேற்றி ஊரையே காலியாக்கியது. 1963-ல் சுவாதிவு முடிந்தது. அதன் தலைவர் அப்துல்லா அஃபீஃப் சீஷெல்ஸுக்குப் போனார். நாட்டுக்கு இன்னொரு மையம் உருவாகும் வாய்ப்பு அதோடு அடைபட்டது.

1972-ல் சுற்றுலா தொடங்கியது. ‘ஒரு தீவு, ஒரு விடுதி’ என்ற முறை, வெளிநாட்டவரை ஊர்த் தீவுகளிலிருந்து தள்ளிவைத்தது. வருமானம் மாலே வழியாகவே ஓடியது. பெரிய மருத்துவமனை மாலேயில்; இந்தியா கட்டிக்கொடுத்து 1995-ல் திறந்த இந்திரா காந்தி நினைவு மருத்துவமனையும் அங்கேதான். மேல்படிப்பும் அரசு வேலையும் அங்கேதான். பிள்ளையின் படிப்புக்காகவோ தாயின் வைத்தியத்துக்காகவோ மாலேக்கு வந்த குடும்பத்துக்கு, ஊர் திரும்ப என்ன காரணம் இருக்கிறது?

நெரிசல் கேட்கும் விலை

1987-ல் பேரலைகள் மாலேக்குள் புகுந்தன. அதே ஆண்டு அதிபர் மமூன் அப்துல் கயூம் ஐ.நா. பொதுச்சபையில் தன் நாட்டின் ஆபத்தை உலகுக்குச் சொன்னார். பிறகு ஜப்பானின் பண உதவியோடு, மாலேயைச் சுற்றி நான்கு கால் கான்கிரீட் கட்டைகளால் அலைதடுப்பு எழுந்தது. 2004 சுனாமியில் அந்தச் சுவர் தலைநகரை ஓரளவு காத்தது. மற்ற தீவுகளுக்குச் சுவர் இல்லை. 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சேதம், நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஏறத்தாழ 60 சதவீதம். ஏற்கெனவே நெரிசலில் திணறிக்கொண்டிருந்த கந்தொல்ஹுதூ தீவு மொத்தமாகக் கைவிடப்பட்டது. அதன் மக்கள் வேறு தீவுகளில் தற்காலிகக் குடியிருப்புகளில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் காத்திருந்து, ஆளில்லாமல் இருந்த துவாஃபரு தீவில் புது ஊர் எழுந்தபின் குடியேறினார்கள். சுவர் இருக்கும் இடத்துக்குப் போவதுதான் புத்திசாலித்தனம் என்ற பாடத்தைத்தான் இந்தச் சுனாமி பலருக்கும் சொன்னது.

ஆனால், குவிந்த இடத்தில் ஆபத்தும் சேர்ந்தே குவிகிறது. 2014-ன் குடிநீர்த் தீ அதில் ஒன்று. 2022 நவம்பரில் மாலேயில், கீழே வாகனப் பழுதுக்கடையும் மேலே புலம்பெயர் தொழிலாளர்களின் இருப்பிடமுமாக இருந்த கட்டடம் எரிந்து 10 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் இந்தியர். நாட்டின் கட்டடங்களைக் கட்டுகிறவர்கள் வங்கதேசத்தவரும் இந்தியரும். அவர்களுக்கே அந்நகரில் மூச்சுவிட இடம் இல்லை. ஊரின் குப்பையும் கடலுக்குத்தான் போனது. 1990-களின் தொடக்கத்திலிருந்து பக்கத்துக் காயல் ஒன்றில் குப்பையைக் கொட்டிக் கொட்டியே திலாஃபுஷி என்ற தீவை உருவாக்கிவிட்டார்கள்.

தூர்த்துச் செய்யும் தேசம்

நெரிசலுக்கு அரசாங்கங்கள் கண்ட தீர்வு, மேலும் நிலம். 1997-ல் தொடங்கி, காயல் அடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கொட்டி ஹுல்ஹுமாலேயை எழுப்பினார்கள். 2018-ல் சீன உதவியில் கட்டிய பாலம் அதை மாலேயோடு இணைத்தது. அப்போது அந்தத் துறையின் அமைச்சராக இருந்தவர், சிவில் இன்ஜினீயரான இன்றைய அதிபர் முய்சு. அவரது அரசு அடுத்து கையில் எடுத்திருப்பது ராஸ்மாலே: மாலேக்கு அருகிலேயே, இதுவரை செய்ததைவிடப் பெரிய அளவில், உயரமான புது நகரம். ஹுல்ஹுமாலேயில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த வீட்டின் அருமையை வெளியிலிருந்து குறைத்துப் பேசக் கூடாது. அது தேவையாக இருந்தது. ஆனால் காயல் மணலை உறிஞ்சும்போது எழும் கலங்கல், பக்கத்துப் பவளத்தின் மேல் படிந்து அதை மூச்சுத்திணற வைக்கிறது. பாறையின் மேல் கொட்டிய மண்ணுக்கு இயற்கையாக மணல் வந்து சேராது. அப்படிப்பட்ட தீவு என்றைக்கும் சுவரையும் பராமரிப்பையும் கடனையும் நம்பித்தான் நிற்க வேண்டும்.

தலைநகருக்கு வெளியேயும் இதே போக்குதான். வடக்கே குல்ஹுதுஃபுஷி தீவில் ஓர் அலையாத்திக் காடு இருந்தது. அதன் சதுப்பில் பெண்கள் குழி தோண்டி, தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் ஊறவைத்து, எடுத்து அடித்து, நாரைப் பிரித்துக் கயிறு திரித்தார்கள். கையில் காசு தரும் தொழில் அது. சதுப்பின் பெரும்பகுதியை மூடி விமான ஓடுதளம் போட்டார்கள்; 2019-ல் விமான நிலையம் திறந்தது. அதே வளையத்தில், படகில் போகும் தூரத்தில், ஹனிமாதூவில் ஏற்கெனவே ஒரு விமான நிலையம் இருந்தது. அலையை உள்வாங்கும் ஈரநிலமும் போயிற்று, பெண்களின் பிழைப்பும் போயிற்று.

பெட்டிச் செய்தி: மாசி முதல் ஜல்லி வரை

நம் சமையலில் மணக்கும் மாசிக் கருவாடு, சூரையை அவித்து, புகைபோட்டு, வெயிலில் கல்லைப்போல் உலர்த்தியது. மாலத்தீவின் பழைய ஏற்றுமதி. இந்தியாவின் மினிக்காய் தீவில் பேசுவதும் திவேஹியின் ஒரு வடிவம்தான். எதிர்த்திசையில் தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் போகின்றன. மாலத்தீவுக்கென இந்தியா தனி ஒதுக்கீட்டில் அனுமதிக்கும் பொருள்களில் அரிசி, வெங்காயம், முட்டையோடு ஆற்று மணலும் ஜல்லியும் உண்டு. மாலேயின் மாடிகளில் நம் ஆறுகளும் கலந்திருக்கின்றன. கசப்பான தொடர்பும் ஒன்று உண்டு: 1988 நவம்பரில் ஆட்சியைக் கவிழ்க்க வந்த கூலிப்படை, இலங்கைத் தமிழ் இயக்கமான புளொட்டைச் சேர்ந்தது. இந்திய ராணுவம் தலையிட்டு அதை முறியடித்தது.

‘நடைமுறைக்கு ஒத்துவருமா?’

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு செலவுக் கணக்கு. 500 பேர் வாழும் தீவுக்குத் தனி மருத்துவமனை, தனி மேல்நிலைப் பள்ளி, தனி அலைச்சுவர் எல்லாம் சாத்தியமா? சாத்தியமில்லை என்பதுதான் நேர்மையான பதில். ஆனால், நாடு முழுவதையும் மாலேயில் அடைப்பதற்கும், ஒவ்வொரு மணல் திட்டிலும் மருத்துவமனை கட்டுவதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. தெற்கே அட்டு, வடக்கே குல்ஹுதுஃபுஷி என ஐந்தாறு நகரங்களை உண்மையான மையங்களாக்கினால், சுற்றியிருக்கும் தீவுக்காரர் காலையில் படகேறி மாலையில் வீடு திரும்பலாம். 2022-ல் வடக்கு வளையங்களில் தொடங்கிய அரசு அதிவேகப் படகுச் சேவை இது முடியும் என்று காட்டுகிறது. இன்னொரு சான்று எல்லோர் கண்ணெதிரேயும் இருக்கிறது. 150-க்கும் மேற்பட்ட விடுதித் தீவுகள் அவரவர் மின்சாரத்தையும் குடிநீரையும் அங்கேயே தயாரித்துக்கொள்கின்றன. சில நூறு விருந்தாளிகளுக்கு இதைச் செய்ய முடிகிற நாட்டில், சில நூறு குடிமக்களுக்கு முடியாது என்பதைத் தொழில்நுட்பப் பிரச்சினை என்று சொல்ல முடியாது. விருந்தாளி தரும் பணத்தில் எவ்வளவு ஊர்த் தீவுகளுக்குப் போய்ச் சேர்கிறது என்ற பங்கீட்டுப் பிரச்சினை அது.

இரண்டாவது மறுப்பு, மக்களே நகரத்தைத்தானே விரும்புகிறார்கள் என்பது. இளைஞர்களுக்கு வேலையும் வாய்ப்பும் வேண்டும். தீவு வாழ்க்கையின் அழகைப் பற்றி நாம் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால், விருப்பம் வாய்ப்பைப் பொறுத்து மாறும். 2009-க்குப் பிறகு ஊர்த் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி கிடைத்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் வீடுகளே விடுதிகளாயின. உள்ளூரிலேயே பிழைக்க வழி பிறந்தது. குப்பையும் கடற்கரை நெருக்கடியும் கூடவே வந்தன என்பதும் உண்மை. ஆனால், அந்தச் சிக்கல்களைத் தீர்க்கும் அதிகாரமும் பணமும் அந்தத் தீவு மன்றத்திடம் இருந்தால், அவை சமாளிக்கக்கூடிய அளவுதான். 2010-ல் அதிகாரப் பரவலாக்கச் சட்டம் வந்தது. 2019 திருத்தம் மன்றங்களின் நிதிப் பங்கை உயர்த்தி, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கியது. சட்டம் தயார். பெரிய திட்டம் எங்கே வரும் என்பதை மட்டும் இன்னும் மாலேதான் தீர்மானிக்கிறது.

மூன்றாவது மறுப்பு அறம் சார்ந்தது. உலகின் கரி உமிழ்வில் மாலத்தீவின் பங்கு கண்ணுக்கே தெரியாது. சுட்ட நாடுகளை விட்டுவிட்டு, சூடு பட்ட நாட்டைக் குறை சொல்வதா? 2009-ல் அதிபர் முகமது நஷீத் தன் அமைச்சர்களோடு கடலுக்கடியில் கூட்டம் நடத்திக் கேட்டதும் இந்த நியாயத்தைத்தான். அதில் ஒரு வார்த்தையையும் குறைக்க வேண்டியதில்லை. வளர்ந்த நாடுகள் உமிழ்வைக் குறைக்காவிட்டால், மேலே சொன்ன எந்தத் திட்டமும் மாலத்தீவைக் காப்பாற்றாது. ஆனால் ‘எப்படியும் மூழ்கத்தானே போகிறது’ என்ற கதைக்கு உள்ளூரில் ஒரு பயன்பாடு உண்டு. எந்தக் காயலைத் தூர்த்தாலும், எந்தச் சதுப்பை மூடினாலும், ‘உயரமான நிலம் வேண்டாமா?’ என்ற ஒரு கேள்வியில் எல்லா எதிர்ப்பும் அடங்கிவிடுகிறது. நீதி கேட்கும் அதே வாதம், பாறையை அழிக்கும் ஒப்பந்தத்துக்கும் சான்றிதழாகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது, சுட்ட நாடுகளுக்குச் சலுகை ஆகாது.

நம் பணம் எந்தப் பக்கம்?

இங்கேதான் இந்திய வாசகருக்கு ஒரு பொறுப்பு வருகிறது. மாலேயை வில்லிமாலே, குல்ஹிஃபல்ஹு, திலாஃபுஷியோடு இணைக்கும் 6.74 கிலோமீட்டர் பாலத் திட்டத்துக்கு இந்தியா 10 கோடி டாலர் மானியமும் 40 கோடி டாலர் கடனும் தருகிறது. வேறோர் இந்தியக் கடனுதவியில் வடக்கே ஹனிமாதூ விமான நிலையம் விரிவடைந்தது. தெற்கே அட்டுவில் சாலைகள் வந்தன. முதல் திட்டம் மாலேயை மேலும் பெரிதாக்கி, இன்னும் பலரை இழுக்கும். மற்றவை மாலேக்குப் போகாமலேயே வாழ வழி செய்யும். டெல்லியும் பெய்ஜிங்கும் மாலேயில் போட்டிபோட்டுப் பாலம் கட்டுவதற்குக் காரணம் எளிது: தலைநகரில் கட்டினால்தான் திறப்பு விழா படம் பெரிதாக வரும். ஆனால், வடக்குத் தீவு ஒன்றில் பிரசவ வார்டும், அதற்குப் போய்வர நம்பகமான படகும், உடையாத பவளப்பாறையும் இருப்பது நட்புக்கு இன்னும் ஆயுள் தரும் முதலீடு. அடுத்த முறை ‘மாலத்தீவுக்கு இத்தனை ஆயிரம் கோடி’ என்று செய்தி வரும்போது, அந்த நாடு இந்தியா பக்கமா சீனா பக்கமா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அந்தப் பணம் மக்களை மாலேக்கு இழுக்கிறதா, அவரவர் தீவில் வாழவிடுகிறதா என்றும் கேட்க வேண்டும். கடல் எப்போது வரும் என்பது உலகின் கையில். அது வரும்போது ஐந்து லட்சம் பேர் எங்கே, எந்தப் பாறையின் பாதுகாப்பில் இருப்பார்கள் என்பது இன்று கையெழுத்தாகும் ஒப்பந்தங்களில் இருக்கிறது.